மழைக்காலம் தாண்டிய படப் புத்தகங்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், எங்கள் வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், சனிக்கிழமை தோறும் பிற்பகல் மூன்று மணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள் வந்து கூடுகிறார்கள். வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதற்காகத் தொடங்கிய கூட்டம் அது. ஒரு மழைநாளில் பாடக் கொப்பிகள் எல்லாம் நனைந்து வந்ததால், பெட்டியில் கிடந்த படப் புத்தகம் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தேன். அன்றிலிருந்து வீட்டுப்பாடம் பின்னுக்குப் போய்விட்டது. இரண்டு ஆண்டுகளில் ஏழு புத்தகங்கள் சேர்ந்துள்ளன. திறப்பது, இழுப்பது, அழுத்துவது, நனைப்பது, வெளிச்சத்தில் பிடிப்பது என்று பிள்ளையின் கைக்கு ஏதாவது ஒரு வேலை வைத்திருக்கும் புத்தகங்கள் அவை. இவற்றை வாங்க நினைக்கும் மலையகப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும், எது கொடுத்த பணத்துக்குத் தகும், எது தகாது என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

இத்தகைய புத்தகங்களுக்கு எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் ஒரு பிள்ளை, ஓர் அலமாரி, உலர்ந்த ஓர் அறை என்ற கணக்கில் எழுதப்பட்டவை. எங்கள் கணக்கு வேறு. ஒரு புத்தகத்துக்குப் பதின்மூன்று பிள்ளைகள். மே மாத இறுதியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை சுவரிலும் துணியிலும் கடதாசியிலும் ஈரம் விடாத வீடு. பிறகு வந்த தம்பி தங்கைகளுக்குச் சட்டை முதல் சப்பாத்து வரை கைமாறிப் போகும் குடும்பங்கள். விலையைப் பற்றிப் பேசும்போதும் இதை மறக்க முடியாது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021-இல் 1,000 ரூபாவாகவும் 2024-இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. நான் வாங்கிய பொப்-அப் புத்தகத்தின், அதாவது விரித்தால் படம் எழுந்து நிற்கும் புத்தகத்தின், விலை 4,850 ரூபா. அந்த 1,350 ரூபாக் கணக்கில் மூன்றரை நாளுக்கு மேல் கொழுந்தெடுத்தால்தான் அந்தப் புத்தகத்தை ஒருவர் வாங்க முடியும் என்பது, அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆகவே புத்தகம் அழகாக இருக்கிறதா என்பதை நான் கடைசியில்தான் பார்த்தேன். எத்தனை கைகளை அது தாங்குகிறது என்பதையும், மூடி வைத்த பின் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியைப் பிள்ளை கேட்கிறதா என்பதையுமே முதலில் பார்த்தேன்.

ஏழில் முதலிடம் பூச்சிகளைப் பற்றிய மடல் புத்தகத்துக்கு. மடல் என்று நான் சொல்வது, படத்தின் மேல் கதவு போல ஒட்டப்பட்டு, விரலால் தூக்கினால் உள்ளே இன்னொரு படத்தைக் காட்டும் கடதாசித் துண்டை. இந்த உத்தி புதியதன்று. லண்டனில் ரொபர்ட் சேயர் என்பவர் 1765 அளவிலேயே, மடிப்பைத் தூக்கத் தூக்கக் கதை மாறும் சிறு புத்தகங்களை அச்சிட்டு விற்றிருக்கிறார். எங்கள் புத்தகத்தில் 62 மடல்கள் இருந்தன. எறும்புப் புற்றின் மேல்மண்ணைத் தூக்கினால் உள்ளே அறைகள். தேன்கூட்டின் மூடியைத் தூக்கினால் உள்ளே முட்டை. முட்டைக்கோஸ் இலையைத் தூக்கினால் அடியில் புழு. வந்த முதல் நாளில் பிள்ளைகள் கடகடவென்று எல்லாவற்றையும் திறந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். இரண்டாம் வாரம் ஒரு சட்டம் போட்டேன்: உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லாமல் யாரும் மடலைத் தொடக் கூடாது. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது. ஒரு மடலுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று இரண்டு சிறுவர்கள் சண்டை பிடித்துக்கொண்டார்கள் என்பதை, அந்தப் புத்தகத்துக்கு நான் கொடுக்கக்கூடிய மிக உயர்ந்த பாராட்டாகவே கருதுகிறேன்.

வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை வட்டம் அதில் இரு பக்கங்களுக்கு விரிந்திருந்தது: முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி, நான்கு மடல்கள், அவற்றை இணைத்து நான்கு அம்புக்குறிகள். மூன்றாம் தரத்தில் படிக்கும் ஒரு சிறுமி அதைப் பார்த்துவிட்டு, “எங்க அம்மா கொழுந்தெடுக்கிற எடத்துலயும் இது இருக்கு டீச்சர், எலையெல்லாம் ஒட்டி வச்சிருக்கும்” என்றாள். அடுத்த சனிக்கிழமை, தாயின் சாப்பாட்டுப் பெட்டியில், நூலால் தைத்தது போல ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த மூன்று தேயிலைகளைக் கொண்டுவந்தாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சை நிறத்தில் மெலிந்த ஒரு புழு. வெறும் ஜேம் போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, நாளுக்கு ஒரு புதுக் கொழுந்து போட்டு வளர்த்தோம். புத்தகத்தை அருகில் விரித்து வைத்து, நான்காவது மடலுக்காகப் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

நான்காவது மடல் வரவில்லை. ஒரு வாரத்தில் புழு ஆடாமல் அசையாமல் கிடந்தது. அதன் பக்கத்தில் அரிசியைவிடச் சிறிய கூடுகள் தோன்றின. மேலும் சில நாட்களில் அவற்றிலிருந்து, தம் உடலைவிட நீண்ட உணர்கொம்புகளோடு, நுளம்பளவு மெல்லிய குளவிகள் வெளியே வந்து போத்தலின் கண்ணாடியில் நடந்தன. “புத்தகம் பொய் சொல்லுது டீச்சர்” என்றான் ஒருவன். இன்னொருத்தி எழுந்து ஓடியே போய்விட்டாள். ஏனென்றால் எங்கள் மலையில் குளவி என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான், கொழுந்து மலையில் குளவிக் கொட்டுக்கு இலக்காகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட பெண்களின் பெயர்களை அந்தப் பிள்ளைகள் அறிவார்கள்.

இது கொட்டுகின்ற குளவி அன்று என்பதைச் சொல்லி அவர்களை மீண்டும் உட்கார வைக்க ஒரு பிற்பகல் முழுவதும் தேவைப்பட்டது. தேயிலை இலைகளை ஒட்டிச் சுருட்டித் தின்னும் புழு ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்ததும், அதைக் கட்டுப்படுத்த 1930-களில் ஜாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டதும், அந்தக் குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிட, பொரிக்கும் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்வதும் பழைய வரலாறு. 1925-இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பது எங்களுக்குப் பஸ் தூரத்தில், தலவாக்கலையில். இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தச் சிறுமி கேட்ட கேள்வி இதுதான்: “அப்ப அம்புக்குறிய எங்க போடுறது?” புத்தகத்தில் முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை அம்புக்குறி எங்கும் உடையாமல் ஓடுகிறது. வழியில் யாரும் சாவதில்லை, யாரையும் யாரும் தின்பதில்லை. அழகான வட்டம் வரைய விரும்பிய பதிப்பாசிரியர், பெரும்பாலான புழுக்களுக்கு நேர்வதை விட்டுவிட்டார் என்பதே அந்தப் புத்தகத்தின் மேல் என் பெரிய குறை. ஆனாலும் அந்தக் குறையைக் கண்டுபிடிக்கும் இடம்வரை பிள்ளைகளை நடத்திக்கொண்டு போனதும் அதே புத்தகம்தான்.

உறுதியைப் பற்றிச் சொல்வதானால், 62 மடல்களில் இன்று 49 மிஞ்சியிருக்கின்றன. இரட்டைக் கடதாசியாக மடித்து ஒட்டிய பெரிய மடல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெருவிரல் நகத்தளவே இருந்த சிறிய மடல்கள்தான் முதலில் போயின. வாங்கும்போது மிகச் சிறிய மடல் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, மடிப்பில் கடதாசி வெள்ளையாக வெடிக்கிறதா என்று கவனியுங்கள். வெடித்தால் மூன்று மாதம்கூடத் தாங்காது. கிழிந்தவற்றை நான் முதலில் சோற்றுப் பசையால் ஒட்டினேன். அது என் முட்டாள்தனம். ஜூலை ஈரத்தில் பசை இருந்த இடமெல்லாம் பூஞ்சணம் பூத்து, தேனீயின் கூட்டில் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. இப்போது தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையும் மெல்லிய துணிப் பட்டையும் பாவிக்கிறேன்.

இரண்டாவதாக நான் பரிந்துரைப்பது, ஏழிலும் மிக எளிமையானதும் விலையில் மலிவானதுமான டோர்ச் புத்தகம். இதில் மடலும் இல்லை, இழுவையும் இல்லை. தாளின் முன்பக்கத்தில் ஒரு மலைக்காடு வண்ணத்தில் இருக்கும். பின்பக்கத்தில் அதே இடத்துக்கு நேராக, கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக ஓர் உருவம் அச்சிடப்பட்டிருக்கும். சாதாரண வெளிச்சத்தில் முன்பக்கம் மட்டும் தெரியும். தாளுக்குப் பின்னால் டோர்ச்சைப் பிடித்தால், கறுப்பு வெளிச்சத்தை மறித்து வெள்ளை அதை விடுவதால், மரப்பொந்துக்குள் ஆந்தை, மண்ணுக்குள் முயல், பாறைக்குப் பின்னால் நரி என்று ஒன்றொன்றாக முன்பக்கத்தில் வந்து நிற்கும். இதற்குப் பெட்டரி போட்ட புத்தகம் தேவையில்லை. தகப்பனின் கைப்பேசி போதும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் எங்கள் தோட்டத்தில் இருட்டு என்பது ஓர் இரவோடு முடிகிற விஷயமன்று. அப்படியொரு மாலையில் இந்தப் புத்தகத்தைப் பதின்மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். ஏழு புத்தகங்களில் இது ஒன்றுதான் கூட்டத்துக்கே பொருந்தியது, ஏனெனில் வெளிச்சம் எல்லோருக்கும் தெரிகிறது. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் டோர்ச்சை வாங்கித் தன் உள்ளங்கைக்குப் பின்னால் பிடித்து, விரல்கள் சிவந்து எரிவதைப் பார்த்துப் பயந்து கையை உதறினான். பிறகு ஒருவர் தேயிலையைப் பிடித்தார், ஒருவர் ரொட்டியைப் பிடித்தார், ஒருவர் தங்கையின் காதைப் பிடித்தார். இலையின் நரம்புகள் தெரிந்தன, காதில் இரத்தம் ஓடும் கோடுகள் தெரிந்தன, ரொட்டியில் ஒன்றும் தெரியவில்லை. ஏன் ரொட்டிக்குள் வெளிச்சம் போகவில்லை என்பதைப் பற்றிய விவாதம் மின்சாரம் வந்த பிறகும் நிற்கவில்லை. புத்தகம் அந்த நேரத்தில் ஒரு மூலையில் மூடிக் கிடந்தது.

குறை என்றால் மொழிதான். வாசகங்கள் முழுவதும் ஆங்கிலம். தமிழில் எழுதிய சீட்டுகளை ஒட்டலாம் என்று பார்த்தால், ஒட்டிய சீட்டும் வெளிச்சத்தை மறித்து ஆந்தையின் பாதி முகத்தைத் தின்றுவிட்டது. ஆகவே வாசகங்களைத் தனிக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை வாசிக்க, மற்றொரு பிள்ளை டோர்ச் பிடிப்பது வழக்கமாகிவிட்டது.

பொப்-அப் புத்தகத்தைப் பொறுத்தவரை என் மனம் இன்றும் இரண்டாகவே இருக்கிறது. பொருளாகப் பார்த்தால் அது நட்டம். புகையிரதங்களைப் பற்றிய அந்தப் புத்தகத்தை விரித்தால், மடிந்து கிடந்த பாலம் ஒன்று எழுந்து நிற்கும், அதன்மேல் கரிக்கோச்சு ஒன்று முன்னுக்கு வரும். முதல் சனிக்கிழமை எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மூன்றாம் சனிக்கிழமை பாலத்தின் ஒரு கால் பசை விட்டு விலகியது. ஐந்தாம் வாரம் இழுவைப் பட்டை கையோடு வந்துவிட்டது. இந்தப் புத்தகங்களின் துண்டுகளை இயந்திரம் வெட்டினாலும், ஒட்டுவது மனிதக் கைகள்தான். விலை ஏறுவதற்கு அதுவே காரணம். அந்தப் பசையோ, ஈரக் காற்றில் இளகாமல் நிற்பதற்காகத் தயாரானது போலத் தெரியவில்லை. கூட்டமாகப் பிள்ளைகள் கையாளும் இடத்துக்கு இதை வாங்காதீர்கள் என்பதே என் நேரான பதில்.

ஆனால் உடைந்த பிறகுதான் அது பாடம் எடுத்தது. பாலத்தின் கால் விலகியதும் உள்ளே இருந்த மடிப்பு வெளியே தெரிந்தது: நடு மடிப்பின் இரு பக்கத்திலும் சாய்வாக ஒட்டிய ஒரு துண்டு, பக்கம் விரியும்போது இழுபட்டு நிமிர்கிறது, மூடும்போது முன்னுக்குச் சாய்ந்து படுக்கிறது. அவ்வளவுதான். நான்காம் தரத்துப் பையன் ஒருவன் அதை விரலால் பலமுறை திறந்து மூடிப் பார்த்து, பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டி, தானே ஒரு பாலம் எழுப்பினான். அடுத்து அவன் எழுப்ப விரும்பியது தெமோதரையை. பதுளைக்குப் போகும் பாதையில் தெமோதரை நிலையத்தைத் தாண்டும் ரயில், மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்தின் வழியாக மறுபடியும் கடந்து போகிறது. பாலத்தை எழுப்பிய மடிப்பு இதற்கு ஒத்துவரவில்லை. தட்டையான பக்கத்தில் தண்டவாளம் தன்னையே தான் கீழாகக் கடப்பது எப்படி என்று இரண்டு வாரம் வெட்டி வெட்டி எறிந்தான்.

அப்போதுதான் அவனுடைய தாத்தா வந்தார். அந்த வளைவை வகுத்த பொறியியலாளருக்கு யோசனை வந்தது, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைப் பார்த்தபோதுதான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை நடந்ததோ இல்லையோ, தாத்தா அதைச் சொன்னதோடு நிற்காமல், தோளில் கிடந்த துவாயை எடுத்துப் பையனின் தலையில் சுற்றிக் காட்டினார்: ஒரு சுற்று மேலே, அதன் நுனி கீழே. பையன் துவாயைத் தலையிலிருந்து கழற்றாமலே உட்கார்ந்து, கடதாசிப் பட்டையை மடிக்காமல் சுருளாக வெட்டினான். இப்போது அந்தச் சுருள், உடைந்த பொப்-அப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது; விரித்தால் கொஞ்சம் சாய்ந்தாலும் எழுந்து நிற்கிறது. 4,850 ரூபாவுக்கு இது தகுமா என்று கேட்டால் எனக்கு இன்னும் பதில் தெரியாது. அந்தப் பையனின் தாத்தாவுக்குச் சந்தேகமில்லை, “இந்தச் சல்லிக்கு ரெண்டு மாசத்துக்கு மா வாங்கலாமே பிள்ள” என்றார்.

தண்ணீர்த் தூரிகைப் புத்தகத்துக்கு ஒரு பந்தி போதும். பக்கத்தில் வெள்ளைப் பூச்சு இருக்கும். தண்ணீர் நிரப்பிய தூரிகையால் தடவினால் பூச்சின் நுண்துளைகளில் நீர் புகுந்து அது ஒளி ஊடுருவக் கூடியதாகி, அடியிலுள்ள வண்ணம் தெரியும். காய்ந்தால் மறுபடி வெள்ளை. பத்து நிமிடத்தில் காயும் என்று அட்டையில் எழுதியிருப்பதைக் கொழும்பில் நம்பலாம். இங்கே ஜூலையில் ஒரு பக்கம் காய இரண்டு நாள் எடுத்தது, மூன்றாம் முறைக்குள் பக்கங்கள் அலை அலையாக வளைந்துவிட்டன. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வெயில் இருக்கும்போது மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பறவைகளின் ஒலிப் புத்தகம் அதைவிடக் கீழே. படத்தை அழுத்தினால் குரல் கேட்கும். குரல் கேட்டவுடன் பிள்ளை அடுத்ததை அழுத்தும். கடைசிவரை அழுத்திக்கொண்டே போகும். ஒரே ஒரு நல்ல நிமிடம் அதில் கிடைத்தது. குயில் என்று நான் மொழிபெயர்த்த பறவையை அழுத்தியதும், கினிகத்தேனையில் அம்மாயி வீட்டில் வளர்ந்த ஒரு பையன், “இது குயில் இல்ல டீச்சர், குயில் இப்பிடிக் கூவாது” என்றான். அவன் சொன்னதே சரி. அந்த ஐரோப்பியப் பறவை குயிலின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், நம் ஊரில் கூவும் குயில் வேறு இனம், குரலும் வேறு. ஒன்று மட்டும் கட்டாயம் பாருங்கள்: பொத்தான் பெட்டரி வைத்த பெட்டியின் மூடிக்குத் திருகாணி இருக்க வேண்டும். அந்தப் பெட்டரியை ஒரு குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். சக்தி தீர்ந்த பெட்டரியும் ஆபத்தானதே. வெறும் அழுத்து மூடி போட்ட புத்தகம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எங்கள் புத்தகத்தில் திருகாணி இருந்தது. ஆனாலும் பெட்டரி தீர்ந்ததும் நான் புதிது போடவில்லை.

பேசும் பேனாவோடு வந்த புத்தகம் என் தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய புள்ளிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. பேனாவின் நுனியிலுள்ள சிறு கமரா அகச்சிவப்பு ஒளியில் அந்தப் புள்ளிகளின் அமைப்பை வாசித்து, அதற்குரிய ஒலியைத் தன் நினைவகத்திலிருந்து எடுத்துப் பேசுகிறது. தொழில்நுட்பம் என்னை அசத்தியது, பிள்ளைகளை அசத்தவில்லை. ஆங்கிலத்தில் பேசுகிறது, ஒருவர் கையில்தான் இருக்கிறது, கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறது. மடல் புத்தகத்தில் சண்டை பிடித்தவர்கள் இங்கே வரிசையில் நின்று சலித்துப் போனார்கள். ஆனால் பெட்டிக்குள், நாமே குரல் பதிவு செய்து ஒட்டிக்கொள்ளும் வெற்று ஸ்டிக்கர்கள் ஒரு தாள் இருந்தன. பெரிய கடதாசியில் தேயிலைக் கிளை ஒன்றை வரைந்து, ஒவ்வோர் இலையிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பக்கத்து லயத்து அம்மா ஒருவரைப் பேசச் சொன்னோம். “இது கொழுந்து, இதக் கிள்ளணும். இது முத்தின எல, இதத் தொடக் கூடாது” என்று பேனா பேசத் தொடங்கியதும், அந்த அம்மாவின் மகள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். புத்தகத்தைவிட ஸ்டிக்கருக்காக இதை வாங்கலாம், கையில் பணம் தாராளமாக இருந்தால்.

ஏழாவது, சென்னையில் அச்சான இருமொழி அட்டைப் புத்தகம். அட்டைப் புத்தகம் என்று சொன்னதும் சின்னவள் ஒருத்தி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மழைக்காலத்தில் பற்றைக்குள் கால் வைத்தால் ஏறும் அட்டையைத் தவிர வேறு அட்டையை அவள் அறியமாட்டாள். “கடிக்குமா?” என்று கேட்டாள். கடிக்காத அட்டை என்றே இன்றுவரை அதற்குப் பெயர். உறுதியில் இதற்கு நிகரில்லை. தேத்தண்ணி கொட்டியும் துடைத்து எடுத்தோம்.

இங்கே சொல்ல வேண்டியது சொற்களைப் பற்றி. துளிகா பதிப்பகம் 1996-இல் சென்னையில் தொடங்கிய காலத்திலிருந்து, ஆங்கிலமும் தமிழும் அருகருகே நிற்கும் படப் புத்தகங்கள் நமக்குக் கிடைத்து வருகின்றன; தாரா பதிப்பகத்தின் கையால் அச்சிட்ட புத்தகங்களைத் தொட்டுப் பார்ப்பதே ஒரு விருந்து. ஆனால் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் வேர்க்கடலை என்று இருப்பது எங்களுக்குக் கச்சான். பப்பாளி எங்களுக்குப் பப்பாசி. அங்கே பட்டாம்பூச்சி, எங்கள் பாடநூலில் வண்ணத்துப்பூச்சி. அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். எங்கள் பிள்ளைகளுக்கு லயத்தில் ஒரு தமிழ், பாடநூலில் ஒரு தமிழ், படப் புத்தகத்தில் ஒரு தமிழ் என்று மூன்று இருக்கின்றன. மூன்றும் தெரிவது வரம்தான். ஆனால் வாசிக்கத் தொடங்கும் பிள்ளை, படத்தைப் பார்த்துக் கச்சான் என்று சரியாகச் சொல்லிவிட்டு, எழுத்து வேறு எதையோ சொல்வதைக் கண்டு தானே பிழை என்று ஒதுங்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். நான் அந்தச் சொல்லுக்கு மேல் பென்சிலால் நம் சொல்லையும் எழுதி வைக்கிறேன்.

இதற்கு வேறொரு வழியும் உண்டு. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டவை என்பதால், மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டு, தரவிறக்கவும் அச்சிடவும் சொற்களை மாற்றவும் தடையில்லை. நான் ஐந்து கதைகளை எடுத்துச் சொற்களை நம் வழக்குக்கு மாற்றி, ஹட்டனில் ஃபோட்டோகொப்பி எடுத்துக் கொடுத்தேன். கறுப்பு வெள்ளையில் படங்கள் மங்கிவிடுகின்றன என்பது உண்மைதான். பிள்ளைகள் அதைக் குறையாகக் காணவில்லை; வண்ணம் தீட்டுவதற்கென்றே அப்படிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை.

வைத்துக் காப்பதற்கு, பெரிய பிஸ்கட் டின்னில் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைக்கற்றுகளைப் போட்டு, புத்தகங்களை நிறுத்தி வையுங்கள். பொலித்தீன் பையில் இறுகக் கட்டினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாமல் பூஞ்சணம் இன்னும் விரைவாகப் பிடிக்கும். விறகு காய வைக்கும் பரணில் வைக்கச் சொன்னார் ஒரு தாய். காய்ந்துதான் இருந்தது, ஆனால் எறும்புப் புற்றுப் பக்கம் இன்றும் புகை மணக்கிறது.

வாங்கும் இடத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நம் நகரங்களின் புத்தகக் கடைகளில் புலமைப்பரிசில் வழிகாட்டிகளும் மாதிரி வினாத்தாள்களும் முன் வரிசையை நிறைத்திருக்கின்றன. படப் புத்தகம் கேட்டால் மேல் தட்டிலிருந்து, பொலித்தீனில் முத்திரையிட்ட ஒன்றை இறக்கித் தருவார்கள். திறந்து பார்க்க விடமாட்டார்கள். மடல் புத்தகத்தைத் திறக்காமல் வாங்குவது, தேங்காயைத் தட்டாமல் வாங்குவது போன்றது. ஆகவே முடிந்தால் ஆண்டுதோறும் செப்டம்பரில் கொழும்பில், பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போங்கள். அங்கே தூக்கிப் பார்க்கலாம், இழுத்துப் பார்க்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். கடைசியாகப் போனபோது பிள்ளைகள் என்னிடம் ஒரே ஒரு புத்தகம்தான் கேட்டிருந்தார்கள்: குளவிப் புத்தகம், மடல் வைத்தது. ஒவ்வொரு கூடமாக ஏறி இறங்கினேன். தேனீக்கு நான்கு புத்தகம் காட்டினார்கள், எறும்புக்கு இரண்டு, வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு தட்டு முழுவதும். “குளவிக்கா மிஸ்? அதுக்கு யாரு புத்தகம் போடுவாங்க” என்று சிரித்தான் கடைப் பையன் ஒருவன். கடைசியில் ஒரு தேனீப் புத்தகத்தின் பின்பகுதியில் குளவிக்கென்று ஒரு பக்கம் இருப்பதைக் கண்டு, 2,200 ரூபா கொடுத்து வாங்கி வந்தேன். அந்தப் பக்கத்தில் மட்டும் மடல் இல்லை.